ஆறு நிமிடக் கணக்கு வந்த கதை

1965 ஆம் ஆண்டு. இத்தாலியின் சார்டினியாத் தீவில் உள்ள காலியாரி நகரத்தில் புரொவென்சாலே, ரெவிஞாஸ் என்ற இரண்டு வைத்தியர்கள், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் நுனியை நோயாளிக்கு விழுங்கக் கொடுத்தார்கள். அது இரைப்பையைக் கடந்து, சிறுகுடலைக் கடந்து, பெருங்குடலையும் சுற்றி முடித்து, ஆசனவாய் வழியே தானாக வெளியே வரும்வரை காத்திருந்தார்கள். வந்த நுனியில் நோக்குக் கருவியைக் கட்டி, வாய்ப்பக்கம் இருந்த குழாயை மெல்ல மெல்ல இழுத்தார்கள். கருவி பின்வழியாக ஏறிப் பெருங்குடலின் தொடக்கம் வரை போய்ச் சேர்ந்தது. மனிதனின் பெருங்குடலை ஒரு கருவி முழுதாகக் கடந்த முதற் பயணங்களில் அதுவும் ஒன்று.

இன்று அதே தூரத்தைப் பழகிய கை சில நிமிடங்களில் கடக்கிறது.

புத்தளம் நகரை அடுத்த தில்லையடியில் ஒருவருக்கு மலத்தோடு இரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். “கெமரா விட்டுப் பார்க்க வேணும்” என்று சொல்லி வைத்தியர் துண்டு எழுதிக் கொடுப்பார். கொலனோஸ்கோப்பி என்ற பெயர் வாயில் நுழைவதற்கு முன்பே, கூட வந்தவர் கேட்பது ஒன்றுதான்: “எவ்வளவு நேரம் எடுக்கும், டொக்டர்?” நோவைப் பற்றிய பயம், வேலைக்குப் போகாத நாளின் சம்பளம், திரும்பி வரும் பஸ் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

கேட்க எளிதான இந்தக் கேள்வியோடு வைத்தியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கருவி உள்ளே போகிற நேரத்தைக் குறைக்க முதல் நாற்பது ஆண்டுகள் பாடுபட்டார்கள். திரும்பி வருகிற நேரத்தைக் குறைக்கவே கூடாது என்பது அதற்குப் பிறகுதான் உறுதியாகத் தெரிந்தது.

உடலுக்குள் எட்டிப்பார்க்கும் ஆசை பழையது. குறுக்கே நின்றது இருட்டு. 1806 இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து வைத்தியர் பிலிப் பொற்சினி, மெழுகுதிரிச் சுடரைக் கண்ணாடியால் திருப்பிக் குழாய்க்குள் அனுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். வியன்னாவின் மருத்துவ பீடம் அதற்கு ஆதரவு தரவில்லை. 1868 இல் பிரைபேர்க்கில் அடொல்ஃப் குஸ்மௌல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்துவந்து, 47 சென்ரிமீற்றர் நீள நேர்க்குழாயை அவருடைய தொண்டை வழியே இரைப்பைக்குள் இறக்கிக் காட்டினார். குழாய் இறங்கியது. உள்ளே இருப்பதைப் பார்க்கத்தான் வெளிச்சம் போதவில்லை.

கீழ்ப்பக்கத்து நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் ஹவார்ட் கெலி 1895 இல் மலக்குடலைப் பார்க்க வளையாத உலோகக் குழாய்களை அறிமுகம் செய்தார். அந்த வகைக் கருவி எட்டியது ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். பெருங்குடலின் நீளமோ ஒன்றரை மீற்றர். மீதியில் என்ன இருக்கிறது என்று அறிய, பேரியக் குழம்பை ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது வயிற்றைத் திறக்க வேண்டும்.

ஒளியை வளைத்துக் கொண்டுபோகும் வழிக்கு உழைத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து மனிதர். பஞ்சாபின் மோகாவில் 1926 இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஒளி நேர்கோட்டில் மட்டுமே செல்லும் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொன்னதைத் தம் மனம் ஏற்கவில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரல்ட் ஹொப்கின்ஸோடு சேர்ந்து, முடி போல மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, வளைந்த பாதையிலும் படத்தைக் கடத்தலாம் என்று நிறுவினார். அந்தக் கட்டுரை 1954 ஜனவரி 2 ஆம் திகதி ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒளி கசிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி கேர்ட்டிஸ் என்ற மாணவர் 1956 டிசம்பரில், ஒவ்வோர் இழைக்கும் வேறு வகைக் கண்ணாடியால் மேலுறை போட்டுக் கசிவை நிறுத்தினார். அந்த இழைகளால் ஆன இரைப்பை நோக்கியை, தென்னாபிரிக்காவில் பிறந்த பசில் ஹிர்ஷோவிற்ஸ் 1957 பெப்ரவரியில் முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார்.

வாய்வழியாக இரைப்பைக்குப் போவது குறுகிய பாதை. பெருங்குடல் அப்படியல்ல. மலக்குடலைத் தாண்டியதும் சிக்மொயிட் பகுதி பல வளைவுகளாகச் சுருண்டு கிடக்கும். அங்கிருந்து இடப்பக்கமாக மண்ணீரலுக்குக் கீழ்வரை ஏறி, வயிற்றின் குறுக்கே ஓடி, ஈரலுக்குக் கீழே திரும்பி, வலப்பக்கமாக இறங்கினால்தான் குருட்டுக்குடல் வரும். குடல்வாலின் துவாரமும் சிறுகுடல் வந்து திறக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பயணத்தின் முதற் பாதி முடிந்தது என்று பொருள்.

1963 இல் அமெரிக்காவின் பேர்ஜின் ஓவர்ஹோல்ட் வளையும் கருவியைச் சிக்மொயிட் குடலுக்குள் செலுத்தினார். ஜப்பானில் ஒலிம்பஸ் நிறுவனமும் வைத்தியர்களும் சேர்ந்து நீளமான கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நியூயோர்க்கின் பெத் இஸ்ரேல் வைத்தியசாலையில் வில்லியம் வுல்ஃபும், ஜப்பானிலிருந்து வந்திருந்த இளம் சத்திரசிகிச்சையாளர் ஹிரோமி ஷின்யாவும் அந்தக் கருவிகளோடு வேலையைத் தொடங்கினார்கள். ஆரம்ப காலத்தில் கருவியை ஒருவர் தள்ள, இன்னொருவர் நுனியைத் திருப்ப, எங்கே நிற்கிறோம் என்று அறிய எக்ஸ்ரேயும் துணைக்கு வேண்டியிருந்தது. பரிசோதனை சில வேளை மணிக்கணக்கில் நீண்டது. இடக்கையால் நுனியின் சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே வலக்கையால் கருவியைத் தள்ளியும் இழுத்தும் முறுக்கியும் ஒருவரே செய்யும் முறையை ஷின்யா வளர்த்தெடுத்தார். இன்று உலகின் பெரும்பகுதி அந்த வழியில்தான் போகிறது.

நேரத்தின் முதல் இரகசியம் அந்த வலக்கையில் இருக்கிறது. கருவியை வெறுமனே தள்ளினால், சிக்மொயிட் குடல் கட்டில்லாமல் தொங்குவதால் கருவியோடு சேர்ந்து தானும் நீண்டு வளையமாக எழும்பும். எவ்வளவு தள்ளினாலும் நுனி முன்னேறாது, நோயாளிக்கு வலிக்கும். பழகிய கை தள்ளுவதை விட இழுப்பதையே அதிகம் செய்யும். பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது துணி ஊக்கின்மேல் சுருங்கி ஏறுவதைப் போல, குடல் கருவியின்மேல் மடிப்பு மடிப்பாக ஏறும். இப்படி நேராக்கிக்கொண்டே போனால், ஒன்றரை மீற்றர் நீளமான குடலின் கடைசியை எட்டியபோது உள்ளே இருக்கும் கருவியின் நீளம் 70, 80 சென்ரிமீற்றர் மட்டுமே. இதைக் கற்க நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் வேண்டும். பயிற்சிக்காலத்து வைத்தியருக்கு இருபது நிமிடம் எடுக்கிற தூரத்தை மூத்தவர் ஐந்தாறு நிமிடத்தில் கடப்பது இதனால்தான்.

கருவியைப் பிடித்த கை ஒரு பக்கம், படுத்திருக்கும் உடல் இன்னொரு பக்கம். பெண்களுக்குச் சராசரியாகக் கூடுதல் நேரம் எடுப்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தார்கள். லண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் பிரயன் சோண்டர்ஸும் சகாக்களும் பேரியம் எக்ஸ்ரே படங்களில் குடலை அளந்து, 1996 இல் காரணத்தை வெளியிட்டார்கள். ஆண்களின் பெருங்குடல் நடுக்கணக்கில் 145 சென்ரிமீற்றர், பெண்களுடையது 155. உயரத்தில் குறைந்த உடலுக்குள் நீளத்தில் கூடிய குடல். குறுக்கே ஓடும் பகுதி இடுப்புக்குழிவரை தொங்குவதும் பெண்களிடம் அதிகமாக இருந்தது.

மிக மெலிந்தவர்களுக்கும் நேரம் கூடும். வயிற்றுக்குள் கொஞ்சம் கொழுப்பு இருந்தால் அது குடலைத் தாங்கி நிற்கும்; இல்லாவிட்டால் வளைவுகள் கூர்மையாகும். கருப்பை எடுத்தவர்களுக்கும் வேறு வயிற்று ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் உள்ளே ஒட்டுகள் விழுந்து, குடல் ஓரிடத்தில் இறுகப் பிடிபட்டிருக்கலாம். நாட்பட்ட மலச்சிக்கல் உள்ளவரின் குடல் நீண்டும் தளர்ந்தும் இருக்கும். முதுமையும் நேரத்தைக் கூட்டும். இந்த இடங்களில் பக்கத்தில் நிற்கும் தாதியின் வேலை பெரிது. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், வயிற்றில் சரியான இடத்தில் கையை வைத்து அமர்த்துவதும் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

உள்ளே போகும் பாதையைச் சுருக்கக் கருவிகளும் கைகொடுத்தன. 1983 இல் வெல்ச் அலின் நிறுவனம் நுனியிலேயே மின்னணுக் கெமரா பொருத்திய கருவியைக் கொண்டுவந்தது. அதுவரை ஒற்றைக் கண்ணைத் துவாரத்தில் பொருத்திக் குனிந்து நின்ற வைத்தியர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாதியும் மாணவரும் பார்த்தார்கள். கருவி உள்ளே எப்படி வளைந்து கிடக்கிறது என்பதைக் காந்தப்புலத்தால் திரையில் காட்டும் முறை 1993 இல் வந்தது. குடலை விரிக்கக் காற்றுக்குப் பதிலாகக் காபனீரொக்சைட்டை ஊதினால், உடல் அதை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் வரும் வயிற்று உப்பலும் நோவும் குறையும்.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் வீணாக்கக் கூடியது ஒன்று உண்டு. அது கழுவப்படாத குடல்.

பழைய நாட்களில் நோயாளி இரண்டு மூன்று நாள் நீராகாரத்தில் இருந்து, ஆமணக்கெண்ணெயோ சென்னாவோ குடித்து, எனிமாவும் வாங்க வேண்டும். பிறகு மனிற்றோல் என்ற சீனிக்கரைசல் புழக்கத்துக்கு வந்தது. குடிக்க இனிப்பு, வேலையும் செய்தது. ஆனால் குடலின் பக்ரீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஐதரசன் வாயுவை உண்டாக்கின. குடற்சுவரில் முளைத்த சதைக்கட்டியை வெட்ட மின்சாரக் கம்பியைத் தொட்டபோது குடல் வெடித்து நோயாளி ஒருவர் இறந்ததைப் பிரெஞ்சு வைத்தியர்கள் 1979 இல் பதிவுசெய்தார்கள். பல இடங்களில் மனிற்றோல் கைவிடப்பட்டது.

அடுத்த ஆண்டே மாற்று வந்தது. அமெரிக்காவின் டலஸ் நகரில் ஜோன் ஃபோர்ட்ரானின் குழுவினர், பொலிஎதிலீன் கிளைக்கோலும் உப்புகளும் கலந்த கரைசலை 1980 இல் வெளியிட்டார்கள். உடலிலிருந்து நீரை இழுக்காமலும், உடலுக்குள் நீரை ஏற்றாமலும் குடலை மட்டும் கழுவிக்கொண்டு போகும்படி அதன் அளவுகள் அமைக்கப்பட்டிருந்தன. இன்று பைக்கற்றாக வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மருந்துகளில் பல அதன் வாரிசுகள். முதலில் நான்கு லீற்றரையும் முதல்நாள் மாலையிலேயே குடித்து முடிக்கச் சொன்னார்கள். இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து இறங்கும் கழிவு, காலையில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் மறுபடி படிந்துவிடும். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2005 இல், பாதியை முதல்நாள் இரவும் பாதியைப் பரிசோதனை நாள் காலையிலும் குடிப்பவரின் குடல் அதிகச் சுத்தமாக இருப்பதைக் காட்டினார்கள். பிற நாட்டு ஆய்வுகளும் அதையே சொல்ல, இரண்டாகப் பிரித்துக் குடிப்பது பொதுவிதியானது.

சுத்தமில்லாத குடல் இருமுறை நேரத்தைத் தின்கிறது. போகும்போது வழி தெரியாது. வரும்போது கழுவி உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படியும் மூடிக்கிடக்கும் இடத்தில் என்ன இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பரிசோதனையை இன்னொரு நாளைக்கு மறுபடி செய்யச் சொல்வதும் உண்டு. அப்போது அந்த நோயாளிக்கு எடுத்த நேரம் இருபது நிமிடமல்ல, இரண்டு நாள்.

இனித் திரும்பி வரும் பாதை. பெருங்குடலின் சுவரில் முளைக்கும் பொலிப் என்ற சிறு சதைக்கட்டிகளில் சில, பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும். லொக்ஹார்ட் மமரியும் கத்பேர்ட் டியூக்ஸும் சென் மார்க்ஸில் இருந்தபடி 1920களிலேயே இதை எடுத்துச் சொன்னார்கள். ஆனால் மேலே இருக்கும் பொலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. 1969 இல் ஷின்யா, கருவியின் உள்வழியாகக் கம்பிச் சுருக்கு ஒன்றை அனுப்பி, பொலிப்பின் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் அறுத்தெடுத்தார். அன்றோடு கொலனோஸ்கோப்பி பார்ப்பதற்கு மட்டுமான கருவியாக இல்லாமல் போனது. பொலிப்புகளை எடுத்தவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த அமெரிக்கத் தேசியப் பொலிப் ஆய்வு, பெருங்குடற் புற்றுநோயால் இறப்பது எதிர்பார்த்ததை விட 53 வீதம் குறைந்ததாக 2012 இல் அறிவித்தது.

ஆனால் பொலிப்பை எடுக்க முதலில் அது கண்ணில் பட வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து வைத்தியர் டக்ளஸ் ரெக்ஸ் 1997 இல், 183 நோயாளிகளுக்கு ஒரே நாளில் இருமுறை பரிசோதனை செய்து பார்த்தார். புற்றாகக் கூடிய வகைக் கட்டிகளில் 24 வீதம் முதல் முறையில் தவறவிடப்பட்டிருந்தன. குடலின் மடிப்புகளுக்குப் பின்னால் மறைந்திருந்தவையும், தட்டையாகப் படர்ந்திருந்தவையும், அவசரத்தில் கடந்துபோனவையும் அவற்றில் அடங்கும்.

2006 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ வெளியிட்ட கட்டுரை ஒன்று வைத்தியர்களைத் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க வைத்தது. இல்லினோய் மாநிலத்தின் ரொக்ஃபோர்ட் நகரில் ரொபேர்ட் பார்க்லேயும் சகாக்களும், அனுபவம் நிறைந்த 12 வைத்தியர்கள் செய்த 7,882 பரிசோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். பொலிப் எதுவும் அகற்றப்படாத பரிசோதனைகளில் குருட்டுக்குடலிலிருந்து வெளியே வர ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தைக் கணக்கிட்டார்கள். ஒருவர் சராசரியாக 3.1 நிமிடம் எடுத்தார், இன்னொருவர் 16.8 நிமிடம். ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 வீதமான நோயாளிகளிடம் கட்டிகளைக் கண்டார்கள். ஆறு நிமிடத்துக்குள் முடித்தவர்கள் கண்டது 11.8 வீதத்தினரிடம் மட்டுமே. ஒரே ஊர், ஒரே மாதிரி நோயாளிகள், ஒரே வகைக் கருவி. கண்டுபிடிப்பில் இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம்.

ஆறு நிமிடம் என்ற அளவு அதற்கு முன்பே, 2002 இல், அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரையில் இருந்தது. ரொக்ஃபோர்ட் ஆய்வு அதற்கு ஆதாரம் கொடுத்தது. அதன்பின் பரிசோதனை அறைகளில் கடிகாரம் வந்தது. அறிக்கையில் திரும்பிவரும் நேரம் எழுதப்பட்டது. 2024 இல் வெளியான அமெரிக்க வழிகாட்டல் அந்தச் சராசரியை எட்டு நிமிடமாக உயர்த்தியது. பொலிப் எடுக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது.

நிமிடங்களைக் கூட்டினால் மட்டும் பலன் வந்துவிடாது. கட்டாயம் ஏழு நிமிடம் எடுக்க வேண்டும் என்று விதித்துப் பார்த்த பொஸ்ரன் வைத்தியசாலை ஒன்றில் பொலிப் கண்டுபிடிப்பு கூடவில்லை என்று 2008 இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒவ்வொரு மடிப்பையும் விலக்கி, கழிவைக் கழுவி, வாயுவால் நன்றாக விரித்து, சந்தேகப்பட்ட இடத்துக்கு மறுபடி போய்ப் பார்க்கிற கண்ணுக்குத்தான் அந்த நிமிடங்கள் பயன்படும். வைத்தியர் ஒருவர் தம் நோயாளிகளில் எத்தனை வீதத்தினரிடம் புற்றாகக் கூடிய கட்டியைக் காண்கிறார் என்ற அளவே இன்று முதன்மையான உரைகல். கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்ரே மருத்துவ அமைப்பில் செய்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பரிசோதனைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான கட்டுரை, அந்த வீதம் ஒன்று கூடும்போது பின்னால் புற்றுநோய் வரும் ஆபத்து மூன்று வீதம் குறைவதாகச் சொன்னது.

இந்த வரலாறு தில்லையடிக்கு எந்த வகையில் பொருந்துகிறது? இலங்கையில் ஆண், பெண் இருபாலாரிடமும் முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய்களில் பெருங்குடற் புற்றுநோய் ஒன்று. அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. தூரத்துக்கு மட்டும் விலை உண்டு. புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். கொழும்பில் காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால், மருந்தின் இரண்டாம் பாதியைக் குடித்துவிட்டு விடியற்காலைப் பஸ்ஸில் ஏற யாரால் முடியும்? முதல்நாளே உறவுக்காரர் வீட்டில் தங்கலாம். அல்லது தூரத்தைச் சொல்லி மதியத்துக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டுப் பெறலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பஸ்ஸுக்குப் பயந்து பாதி மருந்தை விட்டவரின் பரிசோதனைதான் நீண்டுபோகும், அல்லது வீணாகும்.

இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்களில் தில்லையடியும் ஒன்று. கையில் எடுத்துவர முடிந்தது மிகக் குறைவு. பழைய ஒப்பரேஷன் காகிதம் கையில் இல்லாத மூத்தவர்கள், எந்த வயதில், வயிற்றில் என்ன ஒப்பரேஷன் செய்தது என்பதை வாய்ச்சொல்லாகவாவது வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதிக் கொண்டுபோவது நல்லது. உள்ளே ஒட்டு இருக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால், வைத்தியர் அதற்கேற்ற கருவியையும் வேகத்தையும் தெரிந்தெடுப்பார்.

ஆகவே துண்டு கையில் கிடைத்தவர்களுக்குச் சில வார்த்தைகள். வைத்தியசாலை சொன்ன நாளிலிருந்து சிவப்பரிசி, குரக்கன், கீரைச்சுண்டல், கொய்யாவைத் தள்ளி, வெள்ளைச் சோறும் மீனும் முட்டையும் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எதையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். சிவப்பு நிறச் சர்பத் குடிக்க வேண்டாம்; உள்ளே அது இரத்தம் போலத் தெரியும். மருந்தைக் கடைசி மிடறு வரை குடியுங்கள். மயக்க ஊசி போட்டால் அன்று முழுவதும் வாகனம் ஓட்டக்கூடாது, ஆளொருவரைக் கூட்டிப்போங்கள். அறிக்கை கைக்கு வந்ததும், கருவி குருட்டுக்குடல்வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா, திரும்பிவர எத்தனை நிமிடம் எடுத்தது என்று மரியாதையோடு கேளுங்கள். வெளியே காத்திருக்கும் வீட்டாரும், உள்ளே நேரம் போகிறதே என்று வைத்தியரை நெருக்க வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டவர்கள், மூலவியாதியாகத்தான் இருக்கும் என்று தாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், இந்த வாரமே வைத்தியரிடம் போங்கள்.